பைக் ஓட்டும்போது கையில் என்னென்ன இருக்க வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் சொந்த உபயோகத்துக்கு ஓடும் பைக், ஸ்கூட்டர்களை மனதில் வைத்து எழுதிய பதில்கள் இவை. அடிப்படை 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். அதன் பெரிய திருத்தம் 2019 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதையொட்டிய புதிய அபராதத் தொகைகள் தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அமலாகின.

சுருக்கமாகச் சொல்லுங்கள், எத்தனை ஆவணம்?

நான்கு. ஓட்டுநர் உரிமம் (லைசென்ஸ்), பதிவுச் சான்று (ஆர்சி), இன்சூரன்ஸ், புகைச் சான்று. வண்டி வாங்கி ஒரு வருடம் ஆகவில்லை என்றால் புகைச் சான்று தேவையில்லை, மூன்று போதும். எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று), பர்மிட் எல்லாம் வாடகை வண்டிகளின் கவலை.

நான்கில் லைசென்ஸ் மட்டும்தான் உங்களைப் பற்றியது, மற்ற மூன்றும் வண்டியைப் பற்றியவை. வீட்டில் நாலு பேர் ஒரே வண்டியை மாற்றி மாற்றி ஓட்டினால் மூன்று வண்டியோடு போகும், ஒன்று ஆளோடு போகும்.

ஒரிஜினல்தான் வேண்டுமா? செல்போனில் காட்டினால் போதாதா?

போதும். இந்தக் குழப்பத்துக்குக் காரணம் உண்டு. 2017 செப்டம்பரில் தமிழ்நாட்டில் ஒரிஜினல் லைசென்ஸைக் கையில் வைத்திருப்பது கட்டாயம் என்று அறிவித்தார்கள். விஷயம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. ஜெராக்ஸை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு ஓட்டிய தலைமுறைக்கு அது பெரிய அதிர்ச்சி. அந்தப் பயம் பலருக்கு இன்னும் போகவில்லை.

ஆனால் அடுத்த ஆண்டே நிலைமை மாறிவிட்டது. 2018 ஆகஸ்டில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், டிஜிலாக்கர், எம்பரிவாகன் என்ற அரசுச் செயலிகளில் இருக்கும் ஆவணங்களை ஒரிஜினலுக்குச் சமமாக ஏற்க வேண்டும் என்று மாநிலங்களுக்குச் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 139-வது விதியே திருத்தப்பட்டு, ஆவணங்களைக் காகிதமாகவோ மின்னணு வடிவிலோ காட்டலாம் என்று ஆனது. 2020 அக்டோபர் முதல் இன்னும் ஒரு படி மேலே: மின்னணு முறையில் சரிபார்த்த ஆவணத்துக்குக் காகிதத்தைத் தனியாகக் கேட்கக் கூடாது.

அப்படியும், லைசென்ஸ் அட்டை ஒன்றை மட்டும் பர்ஸில் வைத்துக்கொள்வது நல்லது என்பேன். அதற்குச் சார்ஜும் வேண்டாம், சிக்னலும் வேண்டாம். ஏலகிரி, கொல்லிமலை மாதிரி மலைப்பாதைகளில் செயலி திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும்போது அதன் அருமை தெரியும்.

வாட்ஸ்அப்பில் ஆர்சி போட்டோ இருக்கிறது. அது செல்லுமா?

செல்லாது. கேலரியில் உள்ள போட்டோ, ஸ்கிரீன்ஷாட், டிஜிலாக்கருக்குள் நீங்களே ஸ்கேன் செய்து ஏற்றிய கோப்பு, எல்லாம் ஒரே ரகம்தான். டிஜிலாக்கரில் இரண்டு பகுதிகள் உண்டு. அரசுத் துறையிலிருந்து நேரடியாக வந்து சேர்ந்த ஆவணங்கள் ஒன்று, நாமே ஏற்றியவை இன்னொன்று. முதல் பகுதியில் இருப்பதற்குத்தான் மதிப்பு. போட்டோவைப் பார்த்துவிட்டு "சரி, போங்க" என்று அனுப்பும் போலீஸ்காரர்களும் இருக்கிறார்கள். அது அவர்களின் நல்ல மனசு.

என் பழைய லைசென்ஸ் டிஜிலாக்கரில் வரவே மாட்டேன் என்கிறது. ஏன்?

பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஆதாரில் இருக்கும் பெயரும் லைசென்ஸில் இருக்கும் பெயரும் பொருந்தவில்லை என்பது ஒன்று. நம் ஊரில் இனிஷியல் முன்னால் வருவது, பின்னால் வருவது, அப்பா பெயரை முழுசாக விரித்து எழுதுவது என்று ஆயிரம் வகை உண்டே. இன்னொன்று, கணினி வருவதற்கு முன்பு வாங்கிய புத்தக லைசென்ஸாக இருந்தால் அதன் விவரம் மத்திய தரவுத்தளத்தில் ஏறாமலே இருக்கலாம். லைசென்ஸ் கொடுத்த ஆர்டிஓ அலுவலகத்துக்கு ஒரிஜினலோடு போய்ப் பதிவேற்றச் சொல்ல வேண்டும். புதுப்பிக்கும் நேரத்தில் இதைக் கண்டுபிடித்தால் அலைச்சல் இரட்டிப்பாகும், அதனால் இப்போதே ஒருமுறை தேடிப் பார்த்துவிடுங்கள்.

எல்லாம் இருக்கிறது, ஆனால் வீட்டில் மறந்துவிட்டேன். மாட்டினால்?

ஆவணமே இல்லாமல் ஓட்டுவது ஒரு குற்றம். இருப்பதைக் கேட்டபோது காட்டாதது வேறு குற்றம், அது சிறியது. இரண்டாவதற்கு 177-வது பிரிவுப்படி முதல் முறை 500 ரூபாய், மறுபடி மாட்டினால் 1,500. முதல் வகைக்கு ஆயிரங்களில் போகும். சலான் போடும்போது எந்தப் பிரிவு என்று பாருங்கள். லைசென்ஸை மறந்து வந்தவருக்கு "லைசென்ஸ் இல்லை" என்று 5,000 விழுந்தால், உரிமம் உண்டு என்பதை நம்பரைச் சொல்லி அங்கேயே சரிபார்க்கச் சொல்லலாம்.

இன்சூரன்ஸ் கையில் இல்லை என்றால், கேட்ட நாளிலிருந்து 15 நாளுக்குள் சான்றிட்ட நகலை ஒப்படைக்க 130-வது பிரிவு வழி தருகிறது. லைசென்ஸுக்கு அந்த அவகாசத்தை நம்பாதீர்கள். சீருடையில் இருக்கும் போலீஸ் கேட்டால் அதைக் காட்டியாக வேண்டும் என்றுதான் அந்தப் பிரிவு தொடங்குகிறது.

இல்லாமலே ஓட்டினால் அபராதம் எவ்வளவு?

லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய். இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் முதல் முறை 2,000, அடுத்த முறை 4,000. பதிவில்லாத வண்டிக்கு முதல் முறை 5,000 வரை, அடுத்து 10,000 வரை. புகை, சத்தம் சம்பந்தப்பட்ட விதிமீறலுக்குச் சட்டம் வைத்திருக்கும் உச்சவரம்பு 10,000 ரூபாய், கூடவே மூன்று மாத லைசென்ஸ் தடையும் வரலாம். லைசென்ஸ், இன்சூரன்ஸ் இரண்டுக்கும் மூன்று மாதம் வரை சிறை என்றும் சட்டத்தில் இருக்கிறது. ஹெல்மெட் ஆவணம் இல்லைதான், ஆனால் அதற்கு 1,000.

யார் கேட்டால் காட்ட வேண்டும்? சாவியைப் பிடுங்கலாமா?

சீருடையில் இருக்கும் எந்த போலீஸ்காரரும் லைசென்ஸைக் கேட்கலாம். கான்ஸ்டபிள்தானே என்று முறைக்க வேண்டாம், அவருக்கும் உரிமை உண்டு. அபராதத்தை அங்கேயே வாங்கி வழக்கை முடிக்கும் அதிகாரம் மட்டும் அரசு அறிவித்த பதவிகளில் இருப்பவர்களுக்கே. சலான் மின்னணு முறையில் வரும், பிறகு ஆன்லைனில் கட்டலாம். ரசீது இல்லாத பணம் அபராதக் கணக்கில் சேராது.

சாவியைப் பிடுங்கலாம் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. வண்டியைப் பிடித்து வைக்க 207-வது பிரிவு இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல், வயது வராமல், பதிவு இல்லாமல், அல்லது தேவையான பர்மிட் இல்லாமல் ஓட்டினால் அது பொருந்தும். இன்சூரன்ஸ் அந்தப் பட்டியலில் இல்லை.

ஹெல்மெட் போடாதது, மூன்று பேர் போவது, குடித்துவிட்டு ஓட்டுவது போன்றவற்றில் லைசென்ஸை வாங்கிக்கொண்டு ஆர்டிஓவுக்கு அனுப்பலாம், அது 206-வது பிரிவு. அப்படி வாங்கினால் ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். கேட்டு வாங்குங்கள், லைசென்ஸ் கையில் இல்லை என்பதற்கு அதுதான் ஆதாரம்.

லைசென்ஸ் போன வாரம்தான் முடிந்தது. ஒரு மாதம் சலுகை உண்டு என்கிறார்களே?

இருந்தது, இப்போது இல்லை. முடிந்த பிறகும் 30 நாள் செல்லும் என்ற வரி 2019 திருத்தத்தில் நீக்கப்பட்டுவிட்டது. இன்றும் டீக்கடைகளில் அதைச் சட்டம் என்று சொல்பவர்கள் உண்டு, நம்பி ஓட்டாதீர்கள். முடிந்த மறுநாளிலிருந்து உங்களிடம் லைசென்ஸ் இல்லை என்றே பொருள்.

முடிவதற்கு ஒரு வருடம் முன்பிலிருந்தே புதுப்பிக்கலாம். முடிந்து ஒரு வருடத்துக்குள்ளும் புதுப்பிக்கலாம், அதுவரை ஓட்டக் கூடாது, அவ்வளவுதான். அந்த ஒரு வருடமும் தாண்டிவிட்டால் மறுபடி எட்டுப் போட்டுக் காட்ட வேண்டிவரும். 40 வயதுக்கு மேல் என்றால் மருத்துவச் சான்றும் கேட்பார்கள். முப்பது வயதுக்கு முன் எடுத்த லைசென்ஸ் 40 வயது வரை செல்லும். முப்பதிலிருந்து ஐம்பதுக்குள் எடுத்தால் பத்து வருடம்.

எல்எல்ஆர் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகலாமா? பின்னால் ஆள் ஏற்றலாமா?

எல்எல்ஆர் என்பது கற்றுக்கொள்ள அனுமதி. ஆறு மாதம் செல்லும், 30 நாள் ஆனதும் நிரந்தர லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். வண்டியில் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' ஒட்டியிருக்க வேண்டும். பின்னால் உட்காரக் கூடியவர் ஒருவர்தான்: லைசென்ஸ் உள்ள, சொல்லிக்கொடுக்கும் ஆள். தங்கையைக் கல்லூரியில் இறக்கிவிடப் போவது விதிப்படி தப்பு.

கியர் இல்லாத வண்டிக்குத்தான் லைசென்ஸ் இருக்கிறது. புல்லட் ஓட்டலாமா?

கூடாது. கியர் உள்ளது, இல்லாதது இரண்டும் தனித்தனி வகை. கியர் வண்டிக்கு எடுத்திருந்தால் ஸ்கூட்டரும் ஓட்டலாம், தலைகீழாக முடியாது. சாதாரணச் சோதனையில் இது பெரும்பாலும் கண்ணில் படாது. இன்சூரன்ஸ்காரர் கண்ணில் படாமல் போகாது.

ஒரு வருடத்துக்கு ஒருமுறை இன்சூரன்ஸ் கட்ட வேண்டுமா? ஷோரூமில் ஐந்து வருடம் என்றார்களே!

இரண்டும் உண்மை. 2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கிய புது பைக்குகளுக்கு, உச்ச நீதிமன்ற உத்தரவின்படி, தேர்ட் பார்ட்டி பகுதி (நம் வண்டியால் மற்றவருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது) ஐந்து வருடத்துக்கும் சேர்த்தே விற்கப்படுகிறது. நம் வண்டிக்கு வரும் சேதம், திருட்டு இவற்றுக்கான பகுதி பெரும்பாலும் ஒரு வருடம்தான். பாலிசித் தாளில் இரண்டு தேதிகள் தனித்தனியாக இருக்கும்.

முதல் வருடம் முடிந்ததும் "இன்சூரன்ஸ் முடிந்தது" என்று போன் மேல் போன் வரும். அது இரண்டாவது பகுதியைப் பற்றியது. அதைப் புதுப்பிக்காவிட்டாலும் ரோட்டில் அபராதம் கிடையாது, ஏனென்றால் சட்டம் கேட்பது தேர்ட் பார்ட்டியை மட்டும். வண்டி திருடு போனால் ஒன்றும் கிடைக்காது, அது வேறு கணக்கு. இதற்கு நேர்மாறான ஆபத்து ஆறாவது வருடத்தில் வருகிறது. ஐந்து வருடம் இன்சூரன்ஸைப் பற்றி நினைக்காமலே பழகியவர்கள் தேர்ட் பார்ட்டி முடிந்ததைக் கவனிக்காமல் மாதக்கணக்கில் ஓட்டுவார்கள். 2020-ல் வாங்கிய வண்டிகளுக்கு 2025-லேயே அந்தக் கெடு வந்துவிட்டது. உங்கள் பாலிசியை இன்றே எடுத்துப் பாருங்கள்.

தேர்ட் பார்ட்டி மட்டும் இருந்தால் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு ஏதாவது கிடைக்குமா?

சட்டத்துக்காக எடுக்கும் வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசியில் பின்னால் சும்மா ஏறி வந்தவர் தானாக அடங்கமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2006-லேயே சொல்லியிருக்கிறது. முழு பாலிசி என்றால் அவரும் அடங்குவார். மனைவி, பிள்ளைகளை வைத்து ஓட்டுபவர்கள் சில நூறு ரூபாய்க்காக வெறும் தேர்ட் பார்ட்டிக்கு இறங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கூடவே, உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்றும் பாருங்கள். அது ஆர்சியில் பெயர் இருக்கும் ஆளுக்கு, அவரிடம் செல்லத்தக்க லைசென்ஸ் இருந்தால் மட்டும்.

புகைச் சான்று யாராவது கேட்கிறார்களா என்ன?

நிஜம்தான், நான்கில் குறைவாகக் கேட்கப்படுவது இதுதான். ஆனால் எடுப்பதற்கு ஆகும் நேரம் பெட்ரோல் போடும் நேரம். பிஎஸ்4, பிஎஸ்6 (புகை அளவுக்கான அரசுத் தரங்கள்) வண்டிகளுக்கு ஒரு வருடம் செல்லும், அதற்கு முந்தைய வண்டிகளுக்கு ஆறு மாதம். எலக்ட்ரிக் வண்டிக்குத் தேவையில்லை.

வண்டி லோனில் இருக்கிறது, ஆர்சி ஃபைனான்ஸ்காரரிடம் மாட்டிக்கொண்டது. என்ன காட்டுவது?

செயலியில் வரும் ஆர்சியைக் காட்டுங்கள். வண்டி எண்ணோடு சேஸிஸ், இன்ஜின் எண்களின் கடைசி இலக்கங்களைக் கொடுத்தால் எம்பரிவாகனில் வந்துவிடும். கடனுக்கு ஈடாக ஆர்சியில் நிறுவனத்தின் பெயர் ஏறியிருந்தாலே அவர்களுக்குப் போதிய பாதுகாப்பு. கடன் முடிந்ததும் என்ஓசியும் (தடையில்லாச் சான்று) படிவம் 35-ம் வாங்கி அந்தப் பெயரை நீக்குங்கள். பலர் என்ஓசியை பீரோவில் வைத்து மறந்துவிட்டு, வண்டி விற்கும்போதுதான் தேடுகிறார்கள்.

நண்பனின் வண்டியை எடுத்துப் போகிறேன். கடிதம் எதுவும் வேண்டுமா?

சட்டப்படி வேண்டாம். வண்டியின் மூன்று ஆவணங்களும் உங்கள் லைசென்ஸும் போதும். உரிமையாளர் போனை எடுக்கும் நிலையில் இருந்தால் நல்லது, திருட்டு வண்டியோ என்ற சந்தேகம் ஒரு அழைப்பில் தீரும்.

கொடுப்பவர்தான் யோசிக்க வேண்டும். லைசென்ஸ் இல்லாதவருக்கு வண்டி கொடுத்தால் கொடுத்தவருக்கும் 5,000 ரூபாய் அபராதம், 180-வது பிரிவு. விபத்து ஆனால் இன்னும் மோசம். பாதிக்கப்பட்டவருக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் பணத்தைக் கொடுத்துவிட்டு, அதை உரிமையாளரிடம் வசூலிக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடுவது வழக்கம். ஒரு பெட்டிக்கடை வரை போய்வரக் கொடுத்த சாவி, லட்சங்களில் கடனாகத் திரும்பி வரலாம்.

அப்பா காலமாகிவிட்டார், வண்டி இன்னும் அவர் பெயரில். ஓட்டலாமா?

நிறைய வீடுகளில் இருக்கும் நிலைமை இது. துக்கத்தில் யாருக்கும் ஆர்டிஓ நினைவு வராது. விதி என்னவென்றால், இறந்த 30 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தகவல் சொல்லிவிட்டு மூன்று மாதம் வரை வாரிசு வண்டியைப் பயன்படுத்தலாம். அதற்குள் படிவம் 31-ல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் கேட்பார்கள். பாலிசியும் இறந்த நாளிலிருந்து மூன்று மாதம் அல்லது அதன் கடைசித் தேதி, எது முதலில் வருகிறதோ அதுவரைதான். இதுதான் பலருக்குத் தெரிவதில்லை.

காலம் கடந்துவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். தாமதத்துக்குக் கட்டணம் போட்டாலும் பெயர் மாற்றம் நடக்கும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கினேன், இன்னும் என் பெயருக்கு மாற்றவில்லை.

ஓட்டுவதற்கு உடனடித் தடை இல்லை. ஆனால் வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்டிஓவில் தெரிவிக்க வேண்டும், விற்றவர் 14 நாளுக்குள். இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாள். படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கி வைத்துவிட்டு "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று இருப்பதில் அதிக ஆபத்து விற்றவருக்கே. விபத்து இழப்பீட்டில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

பதினைந்து வருடம் தாண்டிய வண்டியை வாங்குகிறீர்கள் என்றால் ஆர்சி புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புதுப்பிக்காத ஆர்சி, பதிவு இல்லாத வண்டி. புதுப்பித்தால் ஐந்து வருடம் செல்லும், பசுமை வரி தனி.

மகனுக்கு 17 வயது. தெருவுக்குள் மட்டும் ஓட்டட்டுமே?

வேண்டாம். 199ஏ பிரிவில் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை சிறை, வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. பதினாறு வயதில் எடுக்கக்கூடிய லைசென்ஸ் 50 சிசிக்குள் கியர் இல்லாத வண்டிக்கு மட்டும்.

எலக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு லைசென்ஸே வேண்டாமாமே?

எல்லாவற்றுக்கும் அல்ல. மோட்டார் திறன் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள், பேட்டரி இல்லாமல் எடை 60 கிலோவுக்குள் இருக்கும் சிறிய வண்டிக்கு மட்டும் லைசென்ஸும் பதிவும் வேண்டாம். பச்சை நம்பர் பிளேட் மாட்டிய வண்டி என்றால் புகைச் சான்றைத் தவிர எல்லாம் வேண்டும். மெக்கானிக்கிடம் கொடுத்து வேகக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால் சிறிய வண்டிக்கும் அந்த விலக்கு போய்விடும்.

ஆவணங்களை எங்கே வைப்பது? சீட்டுக்கு அடியில் வைத்தால்?

ஒரிஜினல் ஆர்சியை வண்டியில் வைக்காதீர்கள். வண்டியைத் திருடுபவனுக்கு ஆர்சியையும் சேர்த்துக் கொடுப்பதாகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சீட்டுக்கு அடியில் தண்ணீர் இறங்கித் தாள் கூழாவதும் உண்டு. ஆர்சி வீட்டில், லைசென்ஸ் பர்ஸில், இன்சூரன்ஸ் மற்றும் புகைச் சான்றின் நகல்கள் ஒரு ஜிப் கவரில் வண்டியில், எல்லாம் செல்போனிலும் ஒருமுறை. எனக்குத் தெரிந்தவரை இதுதான் குறைந்த தலைவலி.

தொலைந்தால், தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் தொலைந்த ஆவண அறிக்கையை நீங்களே பதிவு செய்து எடுக்கலாம். அதை வைத்து நகல் ஆர்சிக்குப் படிவம் 26-ல் விண்ணப்பிக்க வேண்டும்.

ஊட்டி, கொடைக்கானல் போனால் கூடுதலாக ஏதாவது?

இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூரிலிருந்து வருபவர்கள் ஆன்லைனில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். 2025 ஏப்ரல் முதல் தினசரி வண்டிகளுக்கு எண்ணிக்கை வரம்பும் வந்தது. சீசன் நேரத்தில் மேட்டுப்பாளையம் வரை போய்விட்டு விண்ணப்பிக்கலாம் என்று இருக்காதீர்கள்.

புதுச்சேரியில் வாடகைக்கு ஸ்கூட்டர் எடுக்கிறோம். எதைப் பார்க்க வேண்டும்?

நம்பர் பிளேட்டை. நீங்களே ஓட்ட வாடகைக்கு விடும் வண்டிக்குக் கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளை பிளேட் வண்டி என்றால் அது யாரோ ஒருவரின் சொந்த வண்டி. அதன் பாலிசி வாடகைக்கு விடுவதற்காக எடுத்தது அல்ல, விபத்தில் நிறுவனம் கையை விரிக்கலாம். வண்டியை எடுக்கும்போதே ஆர்சி, இன்சூரன்ஸ் தேதிகளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஒரிஜினல் லைசென்ஸை அடமானமாகக் கேட்டால் கொடுக்காதீர்கள், ஓட்டப்போவது நீங்கள்தானே.

விபத்து நடந்தால் ஆஸ்பத்திரியில் இவற்றையெல்லாம் கேட்பார்களா?

சிகிச்சைக்கு எந்த ஆவணமும் தேவையில்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்கிய யாருக்கும், வேறு மாநிலத்தவராக இருந்தாலும், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். ஆவணங்கள் தேவைப்படுவது அதற்குப் பிறகு, காவல் நிலையத்திலும் இன்சூரன்ஸிலும். 24 மணி நேரத்துக்குள் போலீஸுக்குத் தகவல் சொல்ல வேண்டும், இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுதித் தெரிவிக்க வேண்டும். அங்கே முதலில் பார்ப்பது விபத்து நடந்த நாளில் லைசென்ஸும் பாலிசியும் உயிரோடு இருந்தனவா என்பதை.

சட்டம் கேட்காத ஒரு தாளையும் லைசென்ஸோடு சேர்த்து வையுங்கள்: ரத்த வகை, ஒவ்வாமை இருந்தால் அது, வீட்டு ஆள் ஒருவரின் போன் எண். செல்போன் பூட்டியிருந்தால் 108-இல் வருபவர்களால் அதைத் திறக்க முடியாது.